கேரவன் டிரெய்லரை ஆடாமல் நிறுத்துவது எப்படி? பழவேற்காட்டில் நடந்ததைச் சொல்கிறேன், தப்பு எங்கே என்று சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை பயணி | ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதத்துக்கு முன்பு பழைய கேரவன் டிரெய்லர் ஒன்று வாங்கினேன். ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் பஸ் மாதிரியான கேரவன் இல்லை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. ஒற்றை அச்சு, உடம்பு 13 அடி, சாமான் எல்லாம் ஏற்றினால் 1,100 கிலோ. மீஞ்சூரில் மாமாவின் காலி மனையில் நிற்கிறது. எங்கள் தெருவில் ஆட்டோ திரும்புவதே கஷ்டம்.

போன வாரம் குடும்பத்தோடு பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போனோம். தெரிந்தவர் ஒருவரின் சவுக்குத் தோப்பில் இடம் கொடுத்தார்கள். சாயங்காலம் நாலரை மணி. ஜீப்பிலிருந்து டிரெய்லரைக் கழற்றினேன். சக்கரத்துக்கு இரண்டு செங்கல் வைத்தேன். முன்பக்கம் தாழ்ந்திருந்ததால் முன்மூலை ஜாக்கிகள் இரண்டையும் சுற்றிச் சுற்றி மேலே தூக்கினேன். பின்மூலை ஜாக்கிகளை அப்புறம் இறக்கலாம் என்று விட்டுவிட்டேன். இதற்குள் மனைவியும் மாமியாரும் உள்ளே போய்ப் பின்பக்கக் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

டிரெய்லர் அப்படியே பின்னால் சாய்ந்தது. முன்பக்கம் ஒன்றரை அடி எழும்பியது. பயந்துபோய் அவர்கள் முன்னால் ஓடி வர, முன்பக்கம் பட்டென்று கீழே விழுந்தது. ஜாக்கி ஒன்று வளைந்தது, இன்னொன்று மணலில் பாதிக்கு இறங்கிவிட்டது. கெண்டி சரிந்து மகன் காலில் வெந்நீர் பட்டது. அன்று இரவே பொன்னேரியில் டாக்டரிடம் காட்டிவிட்டோம். இப்போது கதவும் சரியாகச் சாத்தவில்லை, மேல் மூலையில் உரசுகிறது.

எங்கே தப்பு செய்தேன் என்று யாராவது விவரமாகச் சொல்லுங்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு இனி குருட்டாம்போக்கில் செய்ய எனக்கு மனசில்லை.

---

மணலி டிரெய்லர்காரர் | ஞாயிறு, இரவு 10.35

தம்பி, பையன் கால் எப்படி இருக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் 22 வருடம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவன். துறைமுகத்திலிருந்து மணலி, மாதவரம் யார்டுகளுக்குத்தான் பெரும்பாலும் ஓட்டம். உங்களுடையது சின்ன வண்டி, ஆனால் கழற்றி மாட்டுகிற எந்த வண்டிக்கும் வரிசை என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் வரிசையைத்தான் மாற்றிவிட்டீர்கள்.

முதல் விஷயம். யார்டில் முன்வண்டியைப் பிரிப்பதற்கு முன் டிரெய்லரின் கால்களை இறக்குவோம். அந்தக் கால் பாரம் தாங்குவதற்கென்றே செய்தது. கன்டெய்னரோடு முன்பாதிப் பாரம் முழுக்க அதன் மேல்தான் நிற்கும். உங்கள் கேரவனில் நாலு மூலையிலும் இருக்கும் ஜாக்கியைப் பார்த்து அதுவும் அதே மாதிரி கால் என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி இல்லை. அது ஆட்டத்தை அடக்குவதற்கு மட்டும். பாரத்தை எப்போதும் சக்கரமும், முன்னால் கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு ஜாக்கியும்தான் தாங்க வேண்டும். மூலை ஜாக்கியால் வண்டியைத் தூக்கினால் ஜாக்கி வளையும், இல்லை அது பிடித்திருக்கும் சட்டம் வளையும். உங்கள் கதவு உரசுவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, செங்கல். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சக்கரத்தடியில் வேண்டவே வேண்டாம். அமுக்கினால் நிற்பது போல இருக்கும், ஒரு பக்கமாக இடித்தால் சொல்லாமல் உடையும். ரப்பர் கட்டை வாங்குங்கள், இல்லையென்றால் மரத்தில் ஆப்பு வடிவத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு பக்கமும் சேர்த்து நாலு. கையால் வைத்துவிட்டு வராதீர்கள், காலால் உதைத்து டயரோடு நெருக்குங்கள்.

மூன்றாவது, சங்கிலி. கொக்கியைப் பிரிக்கும்போது பாதுகாப்புச் சங்கிலியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். கட்டை போட்டு, மூக்கு ஜாக்கியில் பாரத்தை ஏற்றி, ஜீப்பின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையிலிருந்து கொக்கி எழும்பிய பிறகு ஜீப்பை நாலு விரல் மட்டும் முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள். ஒரு நிமிடம் பாருங்கள். டிரெய்லர் அசையவில்லையா? அப்புறம் சங்கிலி. அசைந்தால் சங்கிலி பிடித்துக்கொள்ளும். எங்கள் யார்டில் ஒரு பையன் இடுக்கில் மாட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவன் நான், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கழற்றும்போது ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் கண்டிப்பாகக் கூடாது.

---

தண்டையார்பேட்டை பயணி | ஞாயிறு, இரவு 10.52

அண்ணா, ரொம்ப நன்றி. மேல்தோல்தான், கொப்புளம் அடங்கிவிட்டது, செவ்வாய்க்கிழமை மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

மூலை ஜாக்கி பாரம் தாங்காது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். விற்றவரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. பெண்கள் இரண்டு பேர்தான் உட்கார்ந்தார்கள், 1,100 கிலோ வண்டி எப்படிச் சாயும்?

---

கொளத்தூர் சைட் சூப்பர்வைசர் | திங்கள், காலை 6.20

சார், இதற்கு வீட்டுக் கணக்கே போதும். சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுதான் நடுக்கம்பம். 1,100 கிலோவில் பெரும்பகுதி அச்சுக்கு நேர் மேலே நிற்கிறது, அது எந்தப் பக்கமும் சாய்க்காது. உங்களைக் காப்பாற்றுவது கொக்கியில் அழுத்தும் பாரம் மட்டும்தான்.

உங்கள் வண்டியில் கொக்கியில் எத்தனை கிலோ அழுத்துகிறது என்று எனக்குத் தெரியாது, 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொக்கியிலிருந்து அச்சு வரை 3 மீட்டர் என்றால் 80 பெருக்கல் 3, 240. பின்கட்டில் அச்சிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி இருந்தால் 240 வகுத்தல் 1.8, சுமார் 133 கிலோ. அங்கே 133 கிலோவுக்கு மேல் உட்கார்ந்தால் மூக்கு எழும்பும். பெரியவர்கள் இரண்டு பேர் போதும். ஜீப்போடு மாட்டியிருந்தபோது இது நடக்காததற்குக் காரணம், ஜீப்பின் எடை மூக்கைப் பிடித்துவைத்திருந்தது.

அதனால் பின்மூலை ஜாக்கிகள் இரண்டும் தரையைத் தொடும் வரை யாரும் உள்ளே ஏறக் கூடாது. சாமான் எடுக்கக்கூட வேண்டாம். இது பழக்கமாகட்டும்.

இன்னொன்று மணலைப் பற்றி. ஜாக்கியின் அடித்தட்டு 10 சென்டிமீட்டருக்கு 10 என்றால் 100 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 200 கிலோ வந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. மேல்மணல் இதைத் தாங்காது. அதே ஜாக்கிக்கு அடியில் 30க்கு 30 பலகை போட்டால் 900 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 0.22 கிலோவாகக் குறைந்துவிடும். சைட்டில் சாரம் கட்டும்போது கம்பத்துக்கு அடியில் பலகை வைக்கிறோமே, அதே கதைதான். பலகை ஒன்றரை அங்குலமாவது தடிமன் இருக்கட்டும், மெல்லிசு என்றால் நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டுப்பலகை துண்டு எல்லாம் ஒரு மழைக்கு உப்பிவிடும்.

---

மணலி டிரெய்லர்காரர் | திங்கள், காலை 6.48

சூப்பர்வைசர் சொன்னது முழுக்க உண்மை. மழைக்காலத்தில் எங்கள் யார்டில் ராத்திரி டிரெய்லரின் கால்களை இறக்கிவிட்டுப் போனால் காலையில் கால் புதைந்து டிரெய்லர் மூக்கு குத்தி நிற்கும், முன்வண்டியை அடியில் செருகவே முடியாது. பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைத் துண்டை அடியில் போட்டுத்தான் தப்பித்தோம்.

---

செங்குன்றம் ஏரிக்கரை | திங்கள், காலை 9.15

எல்லோரும் மூலை ஜாக்கியால் தூக்கக் கூடாது என்கிறீர்கள். நான் இரண்டு வருடமாக நாலு ஜாக்கியையும் சுற்றி, சக்கரம் தரையை விட்டு எழும்பும் வரை தூக்கித்தான் நிறுத்துகிறேன். உள்ளே நடந்தால் சிமெண்ட் தரை மாதிரி இருக்கும், துளி ஆட்டம் கிடையாது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஏலகிரியிலும் அப்படித்தான் நிறுத்தினேன்.

---

பெரம்பூர் ஓய்வு | திங்கள், காலை 11.30

ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப்பில், பெட்டியின் உடம்பைக் கட்டும் ஷெல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். செங்குன்றம் நண்பருக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்கிறேன்.

வண்டியின் சட்டம் எங்கே தாங்கலாம் என்பதை வடிவமைக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். கேரவனில் அந்த இடம் அச்சு, அப்புறம் மூக்கு. பாரம் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று சட்டத்தின் கனத்தைக் கணக்கிட்டிருப்பார்கள். நீங்கள் நாலு மூலையில் தூக்கும்போது நடுவில் இருக்கும் பாரமெல்லாம் தொங்கலாகி, சட்டம் நடுவில் வயிறு தள்ள ஆரம்பிக்கிறது. அது ஒரே நாளில் தெரியாது. முதலில் கதவு உரசும். அப்புறம் ஜன்னல் மூலையில் உள்பக்கப் பலகையில் மயிரிழை விரிசல். அப்புறம் கூரை மூலையில் ஒட்டு விட்டு மழைத்தண்ணீர் உள்ளே வரும். இந்த மூன்றில் எதையாவது கவனித்தீர்களா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியமானது: சக்கரம் தரையில் இல்லையென்றால் கட்டையால் பயன் இல்லை. மலைச்சரிவில் நாலு மெலிந்த கால்களின் மேல் வண்டி நிற்கிறது. அந்தக் கால்கள் நேர்ச்சுமைக்குக் கொஞ்சம் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலுக்குத் தாங்காது, மடிந்துவிடும். ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிவு கண்ணுக்குச் சமதரை மாதிரிதான் தெரியும். 1,100 கிலோ வண்டியை அந்தச் சரிவு சுமார் 55 கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. டயரும் கட்டையும் இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

ரயில்வேயில் பெட்டிகளைத் தனியாக நிறுத்திவைக்கும்போது கை பிரேக்கைச் சுற்றியதோடு விடமாட்டார்கள். மர ஆப்பும் வைப்பார்கள், சங்கிலியும் போட்டுப் பூட்டுவார்கள். ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை தம்பிக்கு: கதவை இழைத்து ஒழுங்கு செய்துவிடாதீர்கள். முதலில் சமதரையில் நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளந்து பாருங்கள். கதவுச் சட்டத்தின் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சட்டம் திரும்பியிருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் கதவு.

---

செங்குன்றம் ஏரிக்கரை | திங்கள், மதியம் 1.05

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. உண்மையைச் சொல்கிறேன், போன ஐப்பசி மழையில் கூரையின் பின்மூலையில் தண்ணீர் கசிந்தது. பசை வைத்து அடைத்துவிட்டு அதோடு விட்டுவிட்டேன். இதனால் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இன்று சாயங்காலம் போய் ஜன்னல் மூலைகளைப் பார்க்கிறேன்.

ஆனால் சக்கரம் தரையில் இருந்தால் ஆட்டம் இருக்கத்தானே செய்கிறது? என் அப்பாவுக்கு வயது 74, ராத்திரி எழுந்து நடக்கும்போது தடுமாறுகிறார். அதற்காகத்தான் நான் தூக்க ஆரம்பித்தேன்.

---

பெரம்பூர் ஓய்வு | திங்கள், மதியம் 2.20

நியாயமான கேள்வி. ஆட்டம் மூன்று இடத்திலிருந்து வருகிறது. டயர் முன்னும் பின்னும் லேசாக உருளுவது ஒன்று. ஸ்பிரிங் அமுங்கி எழும்புவது ஒன்று. மூக்கு ஜாக்கியின் குழாயில் இருக்கும் லூஸ் ஒன்று.

டயர் உருளுவதைக் கட்டையை நன்றாக நெருக்கி நிறுத்திவிடலாம். உங்களுடையது இரட்டை அச்சு என்றால் இரண்டு டயருக்கும் நடுவில் வைத்து ஸ்குரூவால் விரித்து இறுக்கும் ஆப்பு ஒன்று இருக்கிறது. அது போட்டாலே பாதி ஆட்டம் போய்விடும். ஆனால் அதை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது, தரைக்கட்டையும் வேண்டும். ஸ்பிரிங் ஆட்டத்துக்குத்தான் மூலை ஜாக்கி. பலகையில் தட்டு தொட்ட பிறகு அரைச் சுற்று, அதிகம் போனால் ஒரு சுற்று. கைப்பிடி இறுகுவது கையில் தெரியும், அங்கே நிறுத்துங்கள். நாலும் முடிந்ததும் முதலில் வைத்த ஜாக்கிக்குத் திரும்பிப் போய்த் தொட்டுப் பாருங்கள், அது தளர்ந்திருக்கும். ட்ரில் மெஷினை மாட்டிச் சுற்றுகிறவர்கள் கடைசிச் சுற்றைக் கையால் சுற்றுங்கள். மெஷினில் சுற்றினால் தூக்க ஆரம்பித்தது தெரியாது.

அப்பா நடக்கும் வழியில் ஒரு கைப்பிடிக் கம்பி வையுங்கள். அவருக்கு அதுதான் பெரிய உதவி.

---

ராயபுரம் புதுசு | திங்கள், மாலை 5.40

நான் இன்னும் வாங்கவில்லை, படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கவாட்டில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் என்ன செய்வது? ஜாக்கியால் தூக்கக் கூடாது என்றால் எப்படி மட்டம் பிடிப்பது? போனில் மட்டம் பார்க்கும் ஆப் போதுமா?

---

கொளத்தூர் சைட் சூப்பர்வைசர் | திங்கள், இரவு 8.10

பக்கவாட்டு மட்டத்தை ஜீப்போடு மாட்டியிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு முன்னால் பலகையை வைத்து வண்டியை அதன் மேல் ஏற்றி நிறுத்துவதுதான் வழி. கழற்றிய பிறகு மூக்கு ஜாக்கியால் முன்பின் மட்டம். இந்த இரண்டும் முடிந்தால்தான் மூலை ஜாக்கி பக்கம் போக வேண்டும்.

எவ்வளவு உயரப் பலகை என்று ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு மீட்டர் நேர்ச்சட்டத்தைச் சக்கரம் நிற்கப்போகும் இடத்தில் குறுக்காக வைத்து, அதன் மேல் கொத்தனார் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவுக்கு வரும் வரை தாழ்ந்த முனைக்கு அடியில் துண்டு சொருகுங்கள். 2 சென்டிமீட்டர் தேவைப்பட்டால், சக்கரத்துக்குச் சக்கரம் 2 மீட்டர் இருக்கும் வண்டிக்கு 4 சென்டிமீட்டர் பலகை. பத்து சென்டிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் அந்த இடமே வேண்டாம், நாலடி தள்ளிப் பாருங்கள்.

பலகை டயரை விட அகலமாக இருக்க வேண்டும். டயரின் ஓரம் வெளியே தொங்கினால் உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் ஒரே இடத்தில் மடிந்து கெட்டுவிடும். இரட்டை அச்சு என்றால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் ஏற வேண்டும். ஏற்றிய பிறகு பலகைக்கு மேலேயே கட்டை போடுங்கள்.

போன் ஆப் அவ்வளவாக வேண்டாம், பின்னால் கேமரா துருத்திக்கொண்டிருக்கும், அதுவே சாய்க்கும். பாரிமுனை ஹார்ட்வேர் கடைகளில் ரசமட்டம் வாங்குங்கள். கடையிலேயே ஒரு சோதனை: மேஜையில் வைத்துக் குமிழியைப் பாருங்கள், அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். இரண்டு முறையும் குமிழி மேஜையின் ஒரே பக்கத்தை நோக்கி நின்றால் மேஜைதான் சாய்வு. மட்டத்தோடு சேர்ந்து குமிழியும் பக்கம் மாறினால் மட்டம் தப்பு.

---

பெரம்பூர் ஓய்வு | திங்கள், இரவு 8.35

ஒன்று சேர்க்கிறேன். கேஸில் ஓடும் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு மட்டம் மிக அவசியம். அதில் கம்ப்ரஸர் கிடையாது. அமோனியாக் கலவை சூடாகி, பிறகு திரவமாகித் தன் எடையாலேயே குழாயில் கீழே வடிந்து திரும்ப வேண்டும். சாய்ந்து நின்றால் அது ஒரு வளைவில் தேங்கிவிடும். அதே நிலையில் நெடுநேரம் ஓடினால் பிரிட்ஜ் நிரந்தரமாகப் பழுதாகலாம். சாதாரணக் கம்ப்ரஸர் பிரிட்ஜுக்கு அவ்வளவு கவலை இல்லை.

---

எண்ணூர் முகத்துவாரம் | திங்கள், இரவு 10.05

நான் மீனவக் குடும்பத்துப் பெண். கேரவன் எல்லாம் எங்களிடம் இல்லை, ஆனால் மண்ணைப் பற்றிச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

பழவேற்காடு, காட்டுப்பள்ளி, எண்ணூர் கழி ஓரத்தில் மண் ஒரே மாதிரி இருக்காது தம்பி. மேலே காய்ந்து வெள்ளையாக மணல் தெரியும், ஒரு சாண் தோண்டினால் கறுப்புச் சேறு. அதன் மேல் ஆள் நடக்கலாம், வண்டி நின்றால் ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல இறங்கும். வண்டியை உள்ளே விடுவதற்கு முன் ஒரு கடப்பாரையை நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். சர்ரென்று இறங்கினால், இழுக்கும்போது முனையில் கறுப்பு ஒட்டியிருந்தால், அங்கே வேண்டாம். சவுக்கு நன்றாக வேர் பிடித்த மேட்டு மணல் பரவாயில்லை. அடம்பங்கொடி படர்ந்த இடமும் பரவாயில்லை, ஆனால் அந்தக் கொடிதான் மணலைப் பிடித்துவைத்திருக்கிறது, அதன் மேல் சக்கரம் ஏற்றாதீர்கள்.

காற்றையும் பாருங்கள். பகலில் கடற்காற்று கிழக்கே இருந்து வரும், ஐப்பசி கார்த்திகையில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். வண்டியின் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். பக்கவாட்டில் முழுக் காற்றும் வாங்கினால் என்ன ஜாக்கி வைத்தும் பயன் இல்லை. கரையில் படகை நிறுத்தும்போதும் நாங்கள் அப்படித்தான், அடியில் கட்டை கொடுத்து, முன்னால் கயிறு போட்டு, காற்றைப் பார்த்துத் திருப்பிவைப்போம்.

---

தண்டையார்பேட்டை பயணி | திங்கள், இரவு 10.30

அக்கா, நீங்கள் சொன்ன கறுப்புச் சேறு அப்படியே உண்மை. புதைந்த ஜாக்கியைப் பிடுங்கியபோது தட்டில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது, எண்ணெய் என்று நினைத்தேன்.

---

கொளத்தூர் சைட் சூப்பர்வைசர் | செவ்வாய், காலை 6.05

அக்கா சொன்ன காற்றுக்குக் கணக்கு: மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று என்றால் ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 135 நியூட்டன், அதாவது 14 கிலோ அளவு தள்ளும். கேரவனின் பக்கவாட்டு 4 மீட்டருக்கு 2.2 மீட்டர் என்றால் 8.8 சதுர மீட்டர். மொத்தம் 120 கிலோ போல. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு, 480 கிலோ. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரை கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரிக் காற்றுக்கு ஜாக்கி, கட்டை, கயிறு எதுவும் பதில் இல்லை. எச்சரிக்கை வந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

சாதாரணக் காற்றுக்கே வெளியே நீட்டும் துணிப்பந்தலை மடக்கிவிடுங்கள். அது பாய்மரம் மாதிரி வண்டியை இழுக்கும். தென்னை மரத்தடியிலும் நிறுத்தாதீர்கள்.

---

மணலி டிரெய்லர்காரர் | செவ்வாய், காலை 7.15

ஒரு ராத்திரி மட்டும் தங்குகிறவர்களுக்கு என் கருத்து: கழற்றவே வேண்டாம். ஜீப்போடு மாட்டியே இருக்கட்டும். பின்னால் சாயாது, உருளாது, ஏதாவது என்றால் உடனே கிளம்பலாம்.

---

பெரம்பூர் ஓய்வு | செவ்வாய், காலை 9.40

இதில் எனக்கு அரைச் சம்மதம்தான். சமதரையில் ஒரு இரவுக்கு நல்ல யோசனை. ஆனால் முன்பின் மட்டம் பிடிக்க முடியாது, ஜீப்பின் ஸ்பிரிங் ஆட்டமும் கேரவனுக்கு வரும். மாட்டியிருக்கிறதே என்று கட்டையைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பயம். அவசரத்துக்கு டாக்டரிடம் போக ஜீப் தனியாகத் தேவைப்படலாம் என்பதும் உண்டு, தம்பிக்கு அன்று தேவைப்பட்டதே.

---

மணலி டிரெய்லர்காரர் | செவ்வாய், காலை 9.58

டாக்டர் விஷயம் சரிதான். ஆனாலும் மலையில், மழையில், தெரியாத இடத்தில் நான் மாட்டியே வைப்பேன். கட்டை எப்படியும் போட வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

---

ராயபுரம் புதுசு | செவ்வாய், இரவு 9.20

மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும்போது? எங்கள் பக்கம் உப்புக்காற்று, மழையில் தண்ணீரும் நிற்கும்.

---

பெரம்பூர் ஓய்வு | செவ்வாய், இரவு 10.10

நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

கை பிரேக் இருக்கும் வண்டி என்றால், கட்டைகளை நன்றாகப் போட்டுவிட்டு கை பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள். உப்புக்காற்றில் மாதக்கணக்கில் இழுத்துவைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

டயருக்கு ஓய்வு கொடுக்கச் சக்கரத்தைத் தூக்க வேண்டுமென்றால், தயாரித்தவர்கள் காட்டியிருக்கும் இடத்தில், அச்சுக்குப் பக்கத்தில், பாரம் தாங்கும் ஸ்டாண்ட் வைத்துத் தூக்குங்கள். கான்கிரீட் தரையில் மட்டும். மூலை ஜாக்கி கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

ஜாக்கியின் ஸ்குரூவில் மாதம் ஒருமுறை கிரீஸ்.

வெள்ளம் வரும் இடத்தில் வைக்காதீர்கள். கேரவன் மூடிய பெட்டி. 4 மீட்டருக்கு 2 மீட்டர் தளம் என்றால், தண்ணீர் தளத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் ஏறினாலே 800 கிலோ அளவு மேலே தூக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் தூக்கல் குறையும், ஆனால் அதற்குள் கட்டையை விட்டு நகர்ந்துவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கார்கள் மிதந்து போனதை நினைத்துப் பாருங்கள்.

---

செங்குன்றம் ஏரிக்கரை | புதன், காலை 7.30

ஜன்னல் மூலையில் பார்த்தேன். வலது பின்பக்கம் மூன்று அங்குல நீளத்துக்கு மெல்லிய கோடு இருக்கிறது. பெரம்பூர் ஐயாவுக்குத் தனியாகப் படம் அனுப்பியிருக்கிறேன். என்னைப் பார்த்து யாராவது சக்கரத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தால் தயவுசெய்து இன்றே இறக்கிவிடுங்கள்.

---

தண்டையார்பேட்டை பயணி | ஞாயிறு (மூன்று வாரம் கழித்து), இரவு 8.45

அண்ணா, ஐயா, அக்கா எல்லோருக்கும் மறுபடி வணக்கம். மகன் கால் முழுக்க ஆறிவிட்டது.

குறுக்களவு எடுத்தபோது கதவுச் சட்டத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. ஜாக்கி பிடித்திருந்த குறுக்குச் சட்டம்தான் திரும்பியிருந்தது. வெல்டிங் பட்டறையில் அதை மாற்றி, புது ஜாக்கி போட்டார்கள். கதவைத் தொடவே இல்லை, தானாகச் சாத்துகிறது.

பலகைக்கு காசிமேட்டில் படகு கட்டும் இடத்தில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலத் தடிமனில் மிச்சத் துண்டுகள் கொடுத்தார்கள், ஆறு துண்டாக அறுத்துக்கொண்டேன். ஆப்புக் கட்டை நாலுக்கும் ஒரே கயிறு கட்டி, சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

நேற்று மறுபடி அதே தோப்புக்குப் போனோம். கடப்பாரையை ஐந்து இடத்தில் குத்தினேன், மூன்று இடத்தில் கறுப்பு. மேட்டுப் பக்கம் இரண்டு இடம் நன்றாக இருந்தது, மூக்கைக் கிழக்கே வைத்து அங்கே நிறுத்தினேன். இடது சக்கரத்துக்கு 3 சென்டிமீட்டர் பலகை. கட்டை, மூக்கு ஜாக்கி, நாலு விரல் நகர்த்தி ஒரு நிமிடம், சங்கிலி, மூக்கு மட்டம், பின்மூலை, முன்மூலை. மொத்தம் 25 நிமிடம். அதுவரை எல்லோரும் வெளியே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் உள்ளே ஏறுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "பின்னாடி கால் இறக்கிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன், பின் இடது ஜாக்கி மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கால் சுற்று இறுக்கினேன். காலை ஆறு மணிக்கும் ரசமட்டத்தில் குமிழி நடுவிலேயே இருந்தது.

கிளம்பும்போது ஒரு சந்தேகம். முதலில் நாலு மூலை ஜாக்கியையும் ஏற்றி, ஜீப்பை மாட்டி, சங்கிலி போட்டு, லைட் வயர் சொருகி, கடைசியில் கட்டையை எடுத்தேன். இது சரிதானா?

---

மணலி டிரெய்லர்காரர் | ஞாயிறு, இரவு 9.10

சரிதான் தம்பி. கட்டையை எடுத்த பிறகு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, நாலு ஜாக்கியும் முழுக்க மேலே ஏறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிவப்புக் கயிறு கையில் இருந்தால் கட்டை கீழே இல்லை என்று அர்த்தம். கயிறு கட்டியது நல்ல யோசனை, என் மருமகன் வண்டிக்கும் நாளைக்கே கட்டச் சொல்கிறேன்.